எளியேனுக்குக் கடைசி இடம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரே எழுத விட்டதில்லை. திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா வந்தால் முதல் ஆர்டர் அவருடையதுதான். கடைக்குள் வந்து, நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"தம்பி, பேரு கீரு எதுவும் வாணாம். கீழ ஒரு ஓரமா 'எளியேன்'னு மட்டும் போடு. போதும்."

"போட்டோ போடலாங்களாய்யா?"

"போட்டோ போடலாம்" என்பார் உடனே. "கைகூப்பிக்கினு இருக்கற மாதிரி. சின்னதா போடு. ஆனா, யாருன்னு தெரியணும்ல?"

மேலே மாதா படம், அதற்குக் கீழே ஆயர், அதற்குக் கீழே பங்குச் சாமியார், அதற்கும் கீழே தேர் உபயக்காரர்கள், எல்லோருக்கும் கீழே இவர். நானும் முதலில் அடக்கம் என்றுதான் நினைத்தேன். பேனரைக் கட்டி நிறுத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆயர் புளியமரத்துக் கிளைக்குள் போய்விட்டார். சாமியார் மேல் கரண்ட் கம்பி நிழல். ரோட்டில் போகிறவன் வருகிறவன் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது எளியேன் ஒருவர்தான். ஒரு வருஷம் ஆடு ஒன்று வந்து அவர் கன்னத்தில் முதுகு சொறிந்துகொண்டு நின்றது. யாரோ போய்ச் சொல்ல, பதறிப்போய் ஓடிவந்தார். விரட்டத்தான் வந்தார் என்று நினைத்தோம். செல்போனை எடுத்து, ஆட்டையும் முகத்தையும் சேர்த்துப் படம் பிடித்து, 'எளியேனுக்கு இதுவும் வேணும்' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர் கிளியனூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், எனக்கு வருகிற நாலு ஆர்டரும் நின்றுவிடும். கோயில் ஒன்று, தெரு இரண்டு. ஊர்த்தெருவும் காலனியும். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான், ஒரே பூசைதான். அவர் ஊர்த்தெரு. மாடிவீடு, கார், திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். நான் காலனி. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

'நான்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் குறைவு. போனை எடுத்தால் "அல்லோ, எளியேன் பேசறேன்" என்பார். லாரி புக்கிங் ஆபீசில் அதையே பெயர் என்று நினைத்துக்கொண்டு, 'திரு. எளியேன் அவர்கள்' என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். அதை அவர் திருத்தச் சொல்லவில்லை.

உள்ளத்தில் ஏழையாக இருப்பவனுக்குத்தான் விண்ணரசு என்பது மலைப்பொழிவில் முதலில் வருகிற பாடம். எங்களுக்கும் ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள், நாங்களும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அவர் போகவில்லை. மண்டிக்காரர் அல்லவா, அதில் உள்ள சரக்கைக் கண்டுபிடித்துவிட்டார். "மோட்சம் எளிய மனசுக்காரனுக்குப் பட்டா போட்டு வெச்ச எடம் தம்பி. வேற யாரும் கை வெக்க முடியாது" என்று ஒருநாள் கடையில் சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டுமனைப் பட்டாவே வராத நேரம் அது. அவருக்கு மேலே பட்டா ரெடி.

பட்டாவைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். எங்கள் கோயிலில் கடைசி பெஞ்ச் என்பது வாசல் பக்கம், காற்று வருகிற இடம். கைக்குழந்தைக்காரிகளும் மூட்டுவலிக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். இவர் வந்து பக்கத்தில் நின்று, கைகூப்பி, "எளியேனுக்கு முன்னாடி உக்கார அருகதை இல்லம்மா. நீங்க முன்னாடி போங்க" என்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் எழுந்து, அத்தனை பேர் முகத்தையும் தாண்டி முன்னால் போய் உட்கார வேண்டும். தாழ்மை என்றால் அடுத்தவரை எழுப்பிவிட்டு உட்காருவது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டை விஷயம் கடைத்தெரு முழுக்கத் தெரியும். என் கடைக்கு எதிரே இருக்கும் டெய்லரிடம் புதுத் துணியில் சட்டை தைக்கக் கொடுத்தார். வாங்க வந்தபோது, "தோள்பட்டைல ஒரு ஒட்டு போட்டுக் குடுங்க" என்றார்.

டெய்லர் சட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கயும் கிழியலீங்களே."

"கிழியல. கிழிஞ்ச மாதிரி."

டெய்லர் கடையில் கிடந்த துணுக்கில் ஒன்றை எடுத்து வைத்துக் காட்டினார். அது பச்சை. "இது எடுப்பா தெரியுது" என்று வேண்டாம் என்றுவிட்டார். அரை மணி நேரம் தேடி, சட்டைக்கு ஏற்றாற்போல் ஒரு சாம்பல் நிறத் துண்டைத் தேர்ந்தெடுத்தார். கல்யாணப் பட்டுக்கு ரவிக்கைத் துணி பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்கமாட்டார்கள்.

பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். அப்போஸ்தலர்களாக உட்காருகிறவர்கள் வீட்டிலேயே சோப்பு போட்டு, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். சாமியார் குனியும்போது கூச்சம் இல்லாமல் இருக்க வேண்டுமே. இவர் மட்டும் அன்று காலையிலிருந்து செருப்பு போடமாட்டார். மண்டியில், ரோட்டில், வயல் வரப்பில் நடந்து, சேறும் புழுதியுமாகக் காலைக் கொண்டுவந்து நீட்டுவார். சாமியார் முதல் பதினோரு பேருக்குச் செலவழித்த தண்ணீர் இவர் ஒருவருக்கே ஆகும். அதோடு, பன்னிரண்டாவது நாற்காலிதான் வேண்டும் என்பார். அது யூதாஸின் நாற்காலி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, யாரும் உட்காரப் பிரியப்படமாட்டார்கள். எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர்தான் வருஷா வருஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். முதல் வருஷம் இவர் அவரை எழுப்பிவிட்டார்.

"இன்னாங்கய்யா இது, காட்டிக்குடுத்தவன் எடத்துக்குக்கூடவா போட்டி?" என்று கேட்டுவிட்டு, கொத்தனார் பேதுருவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சிரிப்பதற்கு நாங்கள் சிரித்தோமே தவிர, அவரை வெறுக்க முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் ஊர்த்தெரு ஆள் அவர்தான். சாவென்றால் முதலில் வந்து நிற்பார். என் அத்தையின் வீட்டுக்காரர், மாமா, கல்லீரல் கெட்டு விழுந்தபோது தன் காரிலேயே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அட்மிஷன் போட்டு, டாக்டரைப் பார்த்துப் பேசி, சாயங்காலம் வரை கூடவே இருந்தார். இருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தாரா என்றால் இல்லை. வராந்தாவில், தரையில், வழியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் மூன்று தடவை "பெரியவரே, ஓரம்" என்று கத்தினான். அத்தைக்கு ஒருபக்கம் மாமாவைப் பற்றிய கவலை, மறுபக்கம் இவர் காலில் சக்கரம் ஏறிவிடுமோ என்ற கவலை.

அத்தையிடம் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். முதல் வருஷம் அத்தை பிரியாணி செய்து, புது எவர்சில்வர் தட்டு எடுத்து வைத்துக் காத்திருந்தாள். இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "எளியேனுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நீங்க வழக்கமா குடிக்கற கேப்பைக் கூழு இருந்தா ஊத்து" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கூழ் குடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ரேஷன் அரிசியும் கடைத் தோசைமாவும் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ரெண்டு கடை ஏறி இறங்கி, சர்க்கரை நோயாளிகளுக்கென்று பாக்கெட்டில் விற்கும் கேப்பை மாவை வாங்கிவந்தேன். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட, அவர் நடுவில் உட்கார்ந்து கூழ் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "இதான்மா ருசி" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து அத்தை முந்தின நாளே மாவை வாங்கிக் கரைத்து வைத்துவிடுவாள். "நம்ம ஏழ்மைய அவருக்காக ஸ்பெஷலா ஆக்க வேண்டியிருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே கிண்டுவாள்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். கல்லறைத் திருநாள் வந்தது.

எங்கள் கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மேடு, ஊர்த்தெருக்காரர்களின் கல்லறைகள், சலவைக்கல், பூச்செடி, இன்னும் பத்துத் தலைமுறைக்கு இடம். அந்தப் பக்கம் பள்ளம், எங்களுடையது. ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் ஊறிவந்து நிற்கும். இடமும் இல்லை. ஒருவருக்குக் குழி தோண்டினால் இன்னொருவரின் எலும்பு வரும், அதை ஒரு துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதியவரை இறக்குவோம். சுவரில் கதவு கிடையாது. கல்லறைத் திருநாளன்று சாமியார் மேட்டில் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, வெளியே வந்து, ரோட்டைச் சுற்றி எங்கள் பக்கம் வருவார். அந்தச் சுவரைத் தன் செலவில் கட்டிக் கொடுத்தவர் எளியேனுடைய அப்பா. சுவரை எடுங்கள் என்று நாங்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்துபோன சாமியார்கள் எல்லோரும், "அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை சொன்னா மத்தவங்க மறுக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனார்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார் திருநாள் பூசையில் உள்ளத்து ஏழ்மையைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம். பையில் காசில்லாமல் இருப்பது மட்டுமல்ல அது, இறைவன் முன்னால் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்பது என்றார். கடைசி பெஞ்சில் ஒரு விம்மல் கேட்டது. பூசை முடிந்ததும் எளியேன் சாமியாரிடம் போய்த் தன் ஆசையைச் சொன்னார். தான் செத்தால் குடும்பக் கல்லறையில் வைக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம், காலனி ஜனங்களோடு, பள்ளத்தில், கடைசி வரிசையில் புதைக்க வேண்டும்.

சாமியார் உருகிப்போனார். புதியவர், பாவம். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோரையும் கோயில் வளாகத்தில் நிறுத்தி, எளியேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிவித்தார். "நமக்கெல்லாம் இவர் ஒரு பாடம்" என்றார். ஊர்த்தெரு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கைதட்டவில்லை.

மாமாவை அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மழையும் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை ராத்திரி பகலாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த மனுஷனைத் தண்ணீரில் போடக் கூடாது, காய்ந்த மண்ணில் போட வேண்டும் என்று. அவள்தான் முன்னால் வந்தாள்.

"ஐயா, அங்க எங்க ஆளுங்களுக்கே எடமில்லீங்க. நீங்க வேற வர்றேன்றீங்க."

"எளியேனுக்கு ஆறடி போதும்மா. எந்த மூலைலயாவது..."

"அந்த ஆறடிதாங்க இல்ல. என் வீட்டுக்காரரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாரு. அவர எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடியது, நடிப்பில்லை. "இன்னாம்மா பண்ணலாம், சொல்லு. எளியேன் இன்னா வேணாலும் செய்யறேன்."

"செவுத்த எடுத்துடுங்க" என்றாள் அத்தை. "உங்கப்பா கட்டுனதுதான? நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே நம்ம பசங்க இடிச்சிருவாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். எங்களுக்கு மேட்டுல எடம் கெடைக்கும். அப்புறம் நீங்க எங்க வேணா படுத்துக்குங்க, யாரு கேக்கப்போறா?"

அவர் யோசித்தார். கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. கணக்கில் எங்கேயோ இடிக்கிற மண்டிக்காரர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு, புரியாத விஷயத்தைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"செவுரு இல்லன்னா... அப்புறம் அங்க படுக்கறதுல இன்னாம்மா தாழ்மை இருக்குது?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அது நின்றது. அந்த மனிதர் எங்களைத் தேடி வந்ததெல்லாம், தண்ணீர் குடித்ததெல்லாம், கூழ் குடித்து அழுததெல்லாம், இறங்குவதற்குத்தான். இறங்க வேண்டுமானால் பள்ளம் இருக்க வேண்டும். பள்ளத்தில் நாங்கள் இருக்க வேண்டும்.

"தாழ்மை இல்லன்னா போவுதுங்க" என்றாள் அத்தை. "எடம் இருக்கும்ல?"

அவர் கைகூப்பினார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எல்லோரும் போனபிறகு, வழக்கம்போலக் கடைசி ஆளாக வெளியே போனார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், அட்வெண்ட் தொடங்குகிற வாரத்தில் மாமா போய்விட்டார். புயல் சின்னம் என்று மூன்று நாளாக ஊற்றிக்கொண்டிருந்தது. சாமியார் ஊர்த்தெருவில் போய் மேட்டில் ஒரு இடம் கேட்டுப் பார்த்தார். பெரியவர் வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம் என்றார்களாம். எளியேன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்திலேயே தோண்டினோம். தோண்டத் தோண்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது.

அப்போதுதான் அவர் வந்தார். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல் குழி ஓரத்தில் மண்டியிட்டு மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். எங்கள் பையன்கள் மாற்றி மாற்றி இறைத்தார்கள். அவர் மாறவில்லை. அந்த வயதில் மூச்சு வாங்கியது, தோளில் ஒட்டுப் போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

நிறுத்தியது அத்தைதான். மாமாவின் பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து நின்றாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"ஐயா. வாளி எங்க ஊட்லயே இருக்குது. நீங்க கடப்பாரை எடுத்துக்கினு வந்திருக்கணும்."

அவர் மொண்ட வாளியோடு அப்படியே நின்றார். எதிரே சுவர், மழையில் நனைந்து பாசி பிடித்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கப்பா கட்டுனதும்மா" என்றார். "அத மட்டும் கேக்காத."

அதற்கு மேல் அத்தை கேட்கவில்லை. "எறக்குங்கடா" என்றாள் எங்களைப் பார்த்து.

இறக்கினோம். பெட்டி இறங்கவில்லை, மிதந்தது. கயிற்றை விட்டால் ஒருபக்கம் சாய்ந்து மேலே வந்தது. சாமியார் செபத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மண்ணைத் தள்ளும்வரை யாராவது உள்ளே இறங்கிப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்கிவிட்டார். இடுப்பளவு செந்தண்ணீரில் நின்று, வாய்விட்டு அழுதுகொண்டே, பெட்டி மேல் சாய்ந்து பிடித்துக்கொண்டார். அன்று அந்தத் தோட்டத்தில் அவரைவிடக் கீழே இருந்தவர் மாமா ஒருவர்தான். அவரையும் இரண்டு கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.